எண் எழுதாத கல்

முத்திருளாயியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது பதினேழாவது கல்லுக்கு அந்தப் பக்கம், உச்சி வெயிலில். வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டியில் ஒருக்களித்துப் படுத்திருந்தவள், வண்டியின் பக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன். என் கையில் ஒரு தாள் இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மனசு கேட்காமல் புருஷன் இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான் என்று நினைத்து அவளும் கையைத் தூக்கினாள். எங்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மொத்தமே ஒன்பது கல் தூரம்தான்.

நான் ரோடு வேலைக்காரன். சோணைமுத்து என்று கேட்டால் அப்போது யாருக்கும் தெரியாது, கல்லுக்கு வெள்ளையடிக்கிற சோணை என்றால் தெரியும். கருவேலேந்தலிலிருந்து டவுன் ஆஸ்பத்திரி வாசல் வரை நின்ற ஒன்பது மைல்கற்களுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பிறகு கறுப்பு மையால் எண் எழுதுவது என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போகாதவன் நான். அந்தக் கற்களில் இருந்த எண்களைப் பார்த்து எண்ணவும், ஊர்ப் பெயர்களைப் பார்த்து எழுதவும் கற்றுக்கொண்டேன்.

அந்த வருஷம் தை மாதம் ஒன்பதாவது கல்லை எழுதி முடித்து, ஆஸ்பத்திரிக் குழாயில் கை கழுவலாம் என்று நிமிர்ந்தால் ஆஸ்பத்திரியைக் காணோம். ரோடு போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் அதே சீமைக்கருவேலம், நடுவில் அதே சல்லி பெயர்ந்த தார். ஒரு மைல் நடந்த பிறகு இன்னொரு கல், யாரோ எனக்காகவே நட்டு வைத்ததுபோல எண் இல்லாமல் நின்றது. அதற்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரி வந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து மலைக்கண்ணு மேஸ்திரியிடம் சொன்னேன்.

"சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க."

"அப்ப அதுக்கும் அடிச்சிரு."

மாசியில் பதினொன்றாவது கல் வந்தது, பங்குனியில் பன்னிரண்டாவது. ரோடு நீளமானதை ஊர் கொஞ்ச நாள் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. புதிதாக வந்த ரோட்டில் வண்டி நடமாட்டம் குறைவு என்பதால் பெண்கள் அங்கே மிளகாய் காயப்போட்டார்கள், ரோடு ஒரு மைலுக்குச் சிவப்பாகக் கிடந்தது, அந்தப் பக்கம் போன மாடுகளெல்லாம் தும்மின. புது ரோட்டோரத்துக் கருவேலமரம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பங்காளிகள் அரிவாளை எடுத்தார்கள், அப்புறம் சேர்ந்தே வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். டவுனில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த ஒருத்தி, சம்பந்தியம்மா இனிமேல் வாராவாரம் வந்து குறை சொல்ல மாட்டாள் என்று பொங்கல் வைத்தாள். வரப்பு வழியாகக் குறுக்கே போனால் என்ன என்று வண்டிக்காரத் தவசி ஒரு நாள் கிளம்பிப் போனான். பருத்திக்காட்டையும் கண்மாயையும் தாண்டி, முள்ளில் வேட்டி கிழிய நடந்து, கடைசியில் பத்தாவது கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான். அதோடு யாரும் குறுக்கு வழி தேடவில்லை. சித்திரையில் பதின்மூன்று கல் ஆனதும், போன டீசலுக்குக் கணக்குச் சொல்ல முடியவில்லை என்று பஸ்காரர் வருவதை நிறுத்தினார். ஓவர்சீயர் சங்கிலி கொண்டுவந்து ஆள் வைத்து அளந்தார். அளந்து முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பைலைப் பிரித்துப் பார்த்தார்.

"பைல்ல ஒன்பதுன்னுதான் இருக்கு. ஒன்பதுதான்யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்த பதின்மூன்று மைலையும் நடந்தே திரும்பிப் போனார்.

ரோடு யாருக்காக நீள்கிறது என்பதைக் கண்டுபிடித்தது ஞானசௌந்தரி நர்சம்மாதான். புதன்கிழமைதோறும் மூன்று ஊர் சுற்றி எங்கள் ஊருக்கு வருவார். கர்ப்பிணிகளுக்கு மாத்திரை கொடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போவார். அன்றைக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்து முத்திருளாயியின் வயிற்றைத் தொட்டுக்கொண்டிருந்தவர், "எத்தனை மாசம்?" என்றார்.

"நாலு முடியப் போகுதும்மா."

நர்சம்மா என்னைப் பார்த்தார். "எத்தனை கல்லு கூடியிருக்கு?"

"நாலு."

அவர் எழுந்து போய், ஏற்கெனவே கழுவியிருந்த கையை மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவினார்.

ஊரில் யாரும் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. குழாயடியில் கேலிதான் செய்தார்கள். "மெதுவாப் பெத்துக்க ஆத்தா, இன்னும் ரெண்டு மூடை மொளகா காயணும்" என்பாள் ஒருத்தி. "ரெட்டைப் புள்ளையா இருந்தா மதுரைக்கே ரோடு போட்டிருப்பா" என்பாள் இன்னொருத்தி. முத்திருளாயி அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய அம்மா இவளைப் பெற்ற அன்றைக்கே வண்டியில் போகிற வழியில் இறந்தவள். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் பேசுவதில்லை. ஒன்பது கல் ரோட்டிலேயே ஐந்தாவது கல்லைத் தாண்டவில்லை அந்த அம்மா.

தினமும் சாயங்காலம் நான் வேலை முடித்து வந்ததும் முத்திருளாயி என் விரல்களைப் பிடித்து நகங்களைப் பார்ப்பாள்.

"இன்னிக்கு எழுதினீங்களா?"

"இல்ல."

"எழுதாதீங்க. கல்லு வந்தா வந்துட்டுப் போகட்டும். எண்ணு எழுதினா அது நெலச்சுப்போகும்."

நர்சம்மா எழுதச் சொல்லியிருந்தார். எத்தனை மைல் என்று தெரியாமல் எப்படித் திட்டம் போடுவது என்பது அவர் பேச்சு. ஆகவே நான் எழுதினேன். எழுதிய நாளில் மண்ணெண்ணெயில் துணி நனைத்து நகத்தின் மையைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, ஒன்றும் கேட்காமல் விட்டுவிடுவாள்.

ஆடியில் பதினாறு கல் ஆனது. அவளை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பிள்ளை பிறக்கும்வரை அங்கேயே ஓரமாக இருந்துகொள்கிறோம் என்று கும்பிட்டேன். மூன்று நாள் வேப்பமரத்தடியில் இருந்தோம். நாலாம் நாள் டாக்டரம்மா வந்து பார்த்து, "வலி வந்தவங்களுக்கே இங்க கட்டில் பத்தல. நாள் கிடக்கு, வலி வந்ததும் கூட்டிட்டு வாங்க" என்று சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வராந்தாவில் ஒரே பாயில் இரண்டு பேர் படுத்துக் கிடந்தார்கள். திரும்பி வருகிற வழி முழுக்க முத்திருளாயி வண்டியில் உட்கார்ந்து என் கையெழுத்தில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்த எழுத்தையெல்லாம் நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஆவணியில் பதினேழாவது கல் வந்ததற்கு அடுத்த புதன்கிழமை நர்சம்மா ஒரு முழுத் தாளில் கோடு போட்டுக்கொண்டுவந்து எங்கள் வீட்டுத் தரையில் விரித்தார். ஊரில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். பிரசவத் திட்டம் என்று மேலே எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

"வண்டி?"

"என் வண்டி" என்றான் தவசி.

"கூடப் போறது யாரு?"

"நான்தான், வேற யாரு?" என்றாள் என் அக்கா குருவம்மாள். புருஷனை இழந்த பிறகு எங்களோடு இருந்தாள். படிப்பு கிடையாது, ஆனால் அவள் வாய்க்கு ஊர்த் தலைவரே ஒதுங்கிப் போவார்.

அடுத்த கோட்டுக்கு வந்ததும் நர்சம்மா பேனாவை மூடி வைத்தார். ஐந்தாம் மாதத்தில் முத்திருளாயியின் ரத்தத்தைச் சின்னச் சீசாவில் எடுத்துப்போய்ப் பரிசோதித்திருந்தார். "இவளுக்கு இருக்கிறது லேசில கிடைக்காத ரத்தம். உடம்புலயும் ரத்தம் கம்மி. பிரசவத்துல போக்கு அதிகமானா, அதே ரத்தம் இருக்கிற ஆளு பக்கத்துல இருக்கணும். உங்க ஊர்ல எல்லாரையும் பார்த்துட்டேன், ஒருத்தருக்கும் இல்ல." பிறகு மூடியைக் கழற்றி எழுதினார். "டவுன்ல ஒருத்தர் இருக்கார். சேகனா ராவுத்தர், சைக்கிள் கடை. கடையும் வீடும் ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவுல. கேட்டுட்டேன், சரின்னுட்டார். ரோடு எம்புட்டு நீண்டாலும் ரத்தம் அந்தப் பக்கமே இருக்கும்."

அதைக் கேட்டபோதுதான் எட்டு மாதத்தில் முதல் தடவையாக முத்திருளாயி முழு மூச்சு விட்டாள். பிள்ளை பிறக்கக் கணக்குப் போட்ட நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே, புரட்டாசி முதல் புதன்கிழமை, அவளும் அக்காவும் அதே ராவுத்தர் வீட்டில் போய்த் தங்கிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு முன்னால் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஊர் தானாகவே ஒன்றை யோசித்துச் சொன்னது. பத்தாவது கல்லிலிருந்து பதினேழாவது கல்வரை, கல்லுக்கு ஒரு வீட்டுக்காரர் தண்ணீர்ப் பானையும் விசிறியுமாக நிற்பது, வண்டி அச்சு முறிந்தால் கட்டிலில் தூக்கிப்போவது. எட்டுக் கல்லுக்கு எட்டு வீடு. பதினேழாவது கல் பேச்சியின் வீட்டுக்குப் போனது, கைக்குழந்தைக்காரி. "நடக்கத் தெம்புள்ளவ நாந்தான், கடைசிக் கல்ல எனக்குக் குடுங்க" என்று அவளே கேட்டு வாங்கினாள்.

எழுதி முடித்ததும், "இந்தத் தாளை இப்பவே பையில வச்சிருங்க. அங்க போனதும் முதல்ல இதைத்தான் கேப்பாங்க" என்றார் நர்சம்மா.

அக்கா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குலசாமி படத்துக்கு முன்னால் விபூதித் தட்டுக்கு அடியில் வைத்தாள்.

"பையில வைக்கச் சொன்னேன்."

"நீங்க எழுதினீங்க நர்சம்மா, நடத்தி வைக்கிறது அவருல்ல? கிளம்பற அன்னிக்கு எடுத்துக்கிருவோம்."

ஊரில் கல்யாணப் பத்திரிகையும், பத்திரம் பதிந்த கிரயமும், புதுக் கலப்பையும்கூட முதலில் அங்கேதான் போகும். நான் ஒன்றும் சொல்லவில்லை. நர்சம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

போகவேண்டிய புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் வலி வந்தது. பனிக்குடம் உடைந்து பாய் நனைந்துவிட்டது. தவசி மாட்டைப் பூட்டினான். எட்டு வீட்டுக்காரர்களும் பானைகளோடு முன்னால் ஓடினார்கள். அக்கா கையில் கிடைத்த துணியையெல்லாம் பையில் திணித்தாள். பிரசவத்துக்குப் போகிற வண்டியில் எங்கள் ஊரில் ஆண்பிள்ளை ஏறுவதில்லை. சோறும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போவதுதான் வழக்கம். முத்திருளாயி வண்டியில் ஏறும்போது என் கையைப் பிடித்தாள், நகத்தைப் பார்ப்பதற்காக இல்லை. "பதினேழுதானே?" என்றாள். "பதினேழுதான்" என்றேன்.

வண்டி போனது. உலை வைத்தேன். சோறு வடித்துத் தூக்கில் போட்டு, கிளம்புமுன் விபூதி எடுத்துப் பூசிக்கொள்ளலாம் என்று தட்டைத் தூக்கினேன். அடியில் தாள் இருந்தது.

தூக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மாட்டு வண்டிதானே, பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்தாவது கல்லில் வண்டித் தடம் ஈரமாக இருந்தது. ஒன்பதாவது கல்லைத் தாண்டும்போது வெயில் முதுகில் ஏறிவிட்டது. பத்தாவது கல்லில் பானையோடு நின்றவர் "இப்பத்தான் போச்சு" என்றார். பதினொன்றாவது கல்லில் நின்றவர் "இப்பத்தான் போச்சு, தண்ணி குடிச்சா" என்றார். பன்னிரண்டில் "இப்பத்தான்", பதின்மூன்றில் "இப்பத்தான், நல்லாத்தான் இருக்கா", பதினாலில் "இப்பத்தான், கொஞ்சம் மொகம் வெளுத்திருக்கு", பதினைந்தில் "இப்பத்தான், ஓடு", பதினாறில் நின்ற கிழவர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார். ஒவ்வொரு கல்லிலும் வண்டி இப்போதுதான் போயிருந்தது. நான் எவ்வளவு ஓடினாலும் அந்த இப்போது எனக்குக் கிடைக்கவில்லை. பாதம் வெடித்து ரத்தம் வந்தது. தாள் வியர்வையில் நனையக் கூடாது என்று தலைக்கு மேலே பிடித்துக்கொண்டே ஓடினேன்.

பதினேழாவது கல்லில்தான் வண்டி கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அக்கா மாட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், தவசி தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டிருந்தான், முத்திருளாயியின் முகம் என் பக்கம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

பேச்சி ஓடிவந்து ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாள். பானையில் கைவிட்டிருந்த கை, சில்லென்று இருந்தது.

"அண்ணே, கூப்பிட்றாதீங்க! போற பிரசவத்தைப் பின்னாடி இருந்து கூப்பிடலாமா? ஓடுங்க, இன்னும் நாலு எட்டுத்தான்."

பொத்தாமல் விட்டிருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். கையை எடுத்த பிறகும் எனக்கு வாய் இருந்தது, தொண்டை இருந்தது. முத்திருளாயியின் அம்மா போன வண்டியை யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது என் நினைவுக்கு வந்தது. நாலு எட்டுத்தானே என்று வாயை மூடிக்கொண்டு தாளைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையைத் தூக்கினாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ரோடு நீளத் தொடங்கியது.

சத்தம் ஒன்றும் இல்லை. பிசைந்த மாவை இழுத்தால் நீள்வதுபோல நீண்டது. வண்டி சின்னதாகி, மாட்டுக் கழுத்து மணியின் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டு, அதுவும் நின்றது. அந்த ஒரு மைலில் நான் எவ்வளவு நேரம் ஓடினேன் என்று தெரியாது. நிழல் காலடியிலிருந்து கிளம்பி என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அப்போது முன்னால் ஒரு கல் தெரிந்தது. எண் இல்லாத கல். அந்தக் கல்லில் பானையோடு யாரும் நிற்கவில்லை, திட்டத்தில் அந்தக் கல்லே இல்லை. அதைக் கடந்தேன், மறுபடியும் முன்னால் அதே கல் நின்றது. மறுபடியும் கடந்தேன்.

நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அதைத் தொடப் போகும்போது, காலடியில் தரை நகர்ந்தது. பாயை ஒரு பக்கம் பிடித்து வெடுக்கென்று இழுத்ததுபோல ரோடு மொத்தமும் ஊரிலிருந்து டவுனை நோக்கிச் சுருங்கியது. என் கற்கள் வெள்ளை வெள்ளையாக என்னைத் தாண்டி ஓடின. கண் திறந்தபோது நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தேன். என்னைச் சுற்றி எட்டு வீட்டுக்காரர்களும் பானையும் விசிறியும் கட்டிலுமாக ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். பானைத் தண்ணீர் எல்லோர்மேலும் சிந்தியிருந்தது. ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பதினாறாவது கல் கிழவர் சொன்னார்: "புள்ள பொறந்திருச்சுடா!"

எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். ஓடத் தொடங்கிய பிறகு என் தொண்டையிலிருந்து வந்த முதல் சத்தம் அது.

உள்ளே ஓடித் தாளைக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி நர்சு அதை வாங்கிப் படித்ததும் முகம் மாறியது. "இதுக்குத்தான்யா ஒரு மணி நேரமா உங்கம்மா அலையிறாங்க" என்றாள். அக்காவைத்தான் சொன்னாள். சீட்டு எங்கே என்று கேட்டதும் அக்கா தலையில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்கிறாள். சைக்கிள் கடைக்காரர் என்பது மட்டும் நினைவிருந்தது, பெயரும் தெருவும் நினைவில்லை. கடைத்தெருவில் ஒவ்வொரு சைக்கிள் கடையாக ஏறி, "ரத்தம் வச்சிருக்கிறவரு யாருய்யா?" என்று கேட்டிருக்கிறாள். முதல் கடையில் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் பஞ்சர் ஒட்டத்தான் தெரியும் என்றார்கள். மூன்றாவது கடையில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். சேகனா ராவுத்தர் கடை பின் தெருவில் இருந்தது.

பத்து நிமிஷத்தில் ராவுத்தர் வந்தார், கையில் கிரீஸ் இருந்தது. "காலையில இருந்து மனசு சரியில்ல தம்பி, புதன்கிழமைன்னுதானே சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் படுத்தார். அதற்குள் ஊர்க்காரர்கள் எட்டு வீடும் வரிசையில் நின்று கை நீட்டிக்கொண்டிருந்தார்கள், எங்க ரத்தத்தையும் எடுங்க, எங்க ரத்தத்தையும் எடுங்க என்று. அது சேராது என்று நர்சு சொல்லியும் யாரும் கையை மடக்கவில்லை. பாட்டில் பாதி நிறைந்தபோது உள்கதவைத் திறந்துகொண்டு டாக்டரம்மா வந்தார். ராவுத்தர் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "முழுசா எடுத்துக்கங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

பெண் குழந்தை. திரும்பும்போது ஒன்பது கல் தூரமும் பேச்சிதான் அதற்குப் பால் கொடுத்துக்கொண்டு வந்தாள், முத்திருளாயியைக் கிடத்தி முன்னால் போன வண்டியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கொடுத்தாள். என்னிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை, நானும் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. அக்கா குலசாமி படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்தாள், அவள் இருந்தவரைக்கும் அது அப்படியே இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பிரசவத்துக்குக் கிளம்பும்போது இப்போது ஒருவர் வண்டிக்குப் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், போகிறவள் திரும்பிப் பார்த்து, தாள் இருக்கிறது என்று தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறாள். அதை யார் தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை. என் மகள் உண்டாகியிருந்தபோது பத்து மாதமும் நான் தினமும் ரோட்டை நடந்து பார்த்தேன். ரோடு அசையவில்லை, ஒன்பது கல்லாகவே இருந்தது.

சுருங்கிய ரோட்டில் கூடுதல் கற்கள் போக இடமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டன. ஒன்பதாவது கல்லுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் நடுவில் இருபத்திரண்டு அடி. அதற்குள் ஒன்பது கல் நிற்கிறது, கடைசிக் கல்லில் எண் இல்லை.